அப்பா அம்மாவோடு முதல் வெளிநாட்டுப் பயணம், மலேசியா + சிங்கப்பூர்: பேக்கேஜா, நாமே போட்டுக்கொள்வதா?

கும்பகோணத்தான் கேட்டது:

எல்லோருக்கும் வணக்கம். இங்கே ரொம்ப நாளாக வாசித்துக்கொண்டு மட்டும் இருக்கிறேன், எழுதுவது இதுதான் முதல் தடவை. வீட்டில் அப்பா (64), அம்மா (58), மனைவி, ஏழு வயது மகள், நான் என ஐந்து பேர். செப்டம்பர் கடைசியில் காலாண்டு விடுமுறைக்கு மலேசியாவும் சிங்கப்பூரும் போவது என்று வீட்டில் முடிவாகிவிட்டது. முடிவு செய்தது அம்மா. பத்துமலை முருகனைப் பார்க்க வேண்டும் என்று பதினைந்து வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார். நான் ஒரு முறை ஆபீஸ் வேலையாக ஹைதராபாத் போய் வந்ததைத் தவிர எங்களில் யாரும் விமானத்தில் ஏறியதில்லை.

பக்கத்தில் ஒரு டிராவல்ஸில் விசாரித்தேன். ஏழு நாள், ஆறு இரவு, ஆளுக்கு 82,000 என்றார்கள், மகளுக்குக் கொஞ்சம் குறைவு. கூட்டிப் பார்த்தால் நாலு லட்சம் வந்துவிடுகிறது. நானே உட்கார்ந்து தேடினால் திருச்சியிலிருந்து கோலாலம்பூர் போக, சிங்கப்பூரிலிருந்து திருச்சி வர, இரண்டும் சேர்ந்து ஆளுக்கு இருபதாயிரத்துக்குள்தான் காட்டுகிறது. அப்படியானால் மீதி அறுபதாயிரம் எங்கே போகிறது? ஓட்டலும் சாப்பாடும் அவ்வளவு ஆகுமா, இல்லை எனக்குத் தெரியாத செலவு ஏதாவது ஒளிந்திருக்கிறதா?

இந்த டிக்கெட் விலை ஏறுவதற்குள் இன்றைக்கே போட்டுவிடலாமா என்று கை பரபரக்கிறது. என்னிடம் மட்டும்தான் பாஸ்போர்ட் இருக்கிறது, அடுத்த பிப்ரவரி வரை செல்லும். மற்றவர்களுக்கு இனிமேல்தான் எடுக்க வேண்டும். பணத்தை எப்படிக் கொண்டுபோவது என்பதிலும் குழப்பம். ஆளாளுக்கு ஒன்று சொல்கிறார்கள், கார்டே போதும் என்கிறார் ஒருவர், கார்டைத் தொடவே தொடாதே என்கிறார் இன்னொருவர். அம்மா சுத்த சைவம், முழங்கால் வலி வேறு. போய் வந்தவர்கள் சொல்லுங்கள்.

---

ஏழுகிலோ எழுதியது:

முதலில் அந்த டிக்கெட் பக்கத்தை மூடுங்கள். பாஸ்போர்ட் கையில் இல்லாமல் டிக்கெட் போடாதீர்கள். அதிலும் உங்கள் பாஸ்போர்ட் பிப்ரவரி வரைதான் என்கிறீர்கள். செப்டம்பர் கடைசியிலிருந்து எண்ணினால் ஐந்து மாதம் வருகிறது. அங்கே இறங்கும் நாளிலிருந்து குறைந்தது ஆறு மாதம் இருக்க வேண்டும், மலேசியா, சிங்கப்பூர் இரண்டுக்கும் அதே கணக்கு. திருச்சி கவுண்டரிலேயே நிறுத்திவிடுவார்கள். வீட்டில் பாஸ்போர்ட் உள்ள ஒரே ஆள் நீங்கள், கடைசியில் நீங்கள் மட்டும் போக முடியாமல் நிற்பீர்கள்! மற்றவர்களுக்கு விண்ணப்பிக்கும்போதே உங்களுக்கும் ரீ-இஷ்யூ போட்டுவிடுங்கள்.

பெரியவர்களுக்கு 36 பக்கப் புத்தகம் 1,500 ரூபாய். புதிதாக எடுக்கும் அறுபது தாண்டியவர்களுக்குப் பத்து சதவீதம் தள்ளுபடி உண்டு, அதனால் அப்பாவுக்கு 1,350. தத்கால் என்றால் மேலே இரண்டாயிரம். உங்களுக்கு நேரம் இருக்கிறது, அந்தப் பணத்தை அங்கே போய்ச் சாப்பிடுங்கள். அம்மா பத்தாவது முடிக்கவில்லை என்றால் இசிஆர் (வெளிநாட்டு வேலைக்குப் போக அரசின் அனுமதி தேவை என்ற) முத்திரை விழுமோ என்று யாராவது பயமுறுத்துவார்கள். ஐம்பது வயது தாண்டியவர்களுக்கு அது கிடையாது, விண்ணப்பத்தில் அந்தக் கேள்விக்குச் சரியான பதிலை டிக் செய்தால் போதும்.

அடுத்தது பெயர், நம் ஊர்க்காரர்கள் எல்லோரும் மாட்டுகிற இடம். ஆதாரில் 'ராமசாமி கு' என்று இருக்கும், பாஸ்போர்ட்டில் இனிஷியல் போட முடியாது, விரித்து எழுத வேண்டும். ஒரே பெயரைக் கொடுத்துவிட்டு சர்நேம் கட்டத்தைக் காலியாக விட்டால் பாஸ்போர்ட் வந்துவிடும், ஆனால் டிக்கெட் போடும் ஒவ்வொரு தளமும் கடைசிப் பெயர் கேட்டு உயிரை வாங்கும், நாளைக்கு துபாய் போக விசிட் விசா கேட்டாலும் ஒற்றைப் பெயர் தகராறுதான், 2022 நவம்பரிலிருந்து அங்கே அப்படி ஒரு விதி. இப்போதே அப்பா பெயரை சர்நேமாகப் போட்டுவிடுங்கள். என் தம்பி மனைவிக்கு சர்நேம் காலி, டிக்கெட் போட்ட புண்ணியவான் இனிஷியலைக் கடைசிப் பெயராகத் தட்டிவிட்டான். கவுண்டரில் முக்கால் மணி நேரம் நிற்கவைத்து, திருத்தத்துக்கென்று தனியாகப் பணமும் வாங்கிக்கொண்டுதான் விட்டார்கள். நாங்கள் வரிசைக்கு வெளியே நின்று கையைப் பிசைந்துகொண்டிருந்தோம். பாஸ்போர்ட்டில் என்ன எழுத்தோ அதே எழுத்து டிக்கெட்டில், ஒரு 'ஹெச்' கூட மாறக் கூடாது.

டிக்கெட்டில் தேதியையும் இரண்டு முறை பாருங்கள். இந்த வழித்தடத்தில் ராத்திரி விமானம் நிறைய. 25ஆம் தேதி 00.25 என்று போட்டிருந்தால் 24ஆம் தேதி இரவு ஒன்பதரைக்கு ஏர்போர்ட்டில் இருக்க வேண்டும் என்று அர்த்தம். என் மச்சான் 25ஆம் தேதி இரவு சாவகாசமாகச் சாப்பிட்டுவிட்டுப் பெட்டியோடு வந்து நின்றார். விமானம் போய் இருபத்திரண்டு மணி நேரம் ஆகியிருந்தது.

என் பெயருக்குக் காரணம் கேட்பவர்களுக்கு: நீங்கள் பார்த்த இருபதாயிரம் விலையில் பெரும்பாலும் கைப்பை மட்டும்தான் அடங்கும், அதுவும் ஏழு கிலோ. பெட்டிக்குத் தனிக் காசு, சாப்பாட்டுக்குத் தனிக் காசு, சீட் தேர்வுக்குத் தனிக் காசு. டிக்கெட் போடும்போதே பெட்டியைச் சேர்த்தால் ஒரு விலை, பிறகு சேர்த்தால் கூட, கவுண்டரில் போய்ச் சொன்னால் கேட்கவே வேண்டாம். ஐந்து பேருக்கு ஐந்து பெட்டி வேண்டாம், இருபது கிலோ இரண்டு போதும். வீட்டிலேயே எடை போட்டுவிடுங்கள். எடை மெஷினில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஏறி நின்று, அதில் உங்கள் எடையைக் கழித்தால் முடிந்தது. முதல் தடவை நான் போனபோது என் கைப்பை 9.4 கிலோ. அதில் இரண்டு கிலோ மாமியார் கொடுத்த முறுக்கு. கட்டிய அபராதத்துக்கு கோலாலம்பூரில் ஒரு வாரம் முறுக்கே தின்றிருக்கலாம்.

---

பாஸ்புக் எழுதியது:

பணம் பற்றிக் கேட்டதால் வந்தேன். வங்கியில் இருக்கிறேன், கவுண்டருக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து பதினெட்டு வருஷம்.

கார்டே போதும் என்பவரும் பாதி சரி, தொடாதே என்பவரும் பாதி சரி. சாதாரண டெபிட், கிரெடிட் கார்டை வெளிநாட்டில் தேய்த்தால் நாணய மாற்று மார்க்அப் என்று பெரும்பாலும் மூன்றரை சதவீதம், அதன்மேல் ஜிஎஸ்டி. ஐம்பதாயிரம் ரூபாய்க்குச் செலவழித்தால் 1,750, அதற்கு 18 சதவீதம் 315, ஆக 2,065 ரூபாய் சத்தமில்லாமல் போய்விடும். மார்க்அப் இல்லாத கார்டுகளும் சந்தையில் இருக்கின்றன, உங்கள் வங்கியின் கட்டண அட்டவணையில் உங்களுடையதற்கு எவ்வளவு என்று பாருங்கள். அல்லது ஃபாரெக்ஸ் கார்டில் ரிங்கிட்டும் சிங்கப்பூர் டாலரும் முன்பே ஏற்றிக்கொள்ளுங்கள். கிரெடிட் கார்டை ஏடிஎம்மில் மட்டும் சொருகாதீர்கள், எடுத்த நாளிலிருந்தே வட்டி ஓடும்.

புறப்படுவதற்கு முன் ஆப்பில் போய் கார்டின் 'இன்டர்நேஷனல்' ஸ்விட்சை ஆன் செய்யுங்கள். 2020 அக்டோபரிலிருந்து புதிய கார்டுகள் வெளிநாட்டுப் பயன்பாடு மூடிய நிலையில்தான் வருகின்றன. இது தெரியாமல் சிங்கப்பூர் சாங்கி ஏர்போர்ட்டில் நின்றுகொண்டு கிளைக்கு போன் போடுகிறவர்கள் மாதத்துக்கு ஒருவராவது உண்டு, அங்கே காலை ஒன்பதரை, இங்கே ஏழு, யார் எடுப்பார்கள்?

இன்னொன்று: கடையில் கார்டைக் கொடுத்ததும் மெஷின் 'ரூபாயில் கட்டுகிறீர்களா, ரிங்கிட்டிலா' என்று கேட்கும். நம் ரூபாயைப் பார்த்ததும் ஆசையாக அதைத் தொட்டுவிடுவோம். தொடாதீர்கள். அந்த மாற்று விலையை வைப்பவன் அந்த மெஷின்காரன், அது எப்போதும் நமக்கு நஷ்டம்தான். எந்த ஊரில் நிற்கிறோமோ அந்த ஊர்ப் பணம். ஏடிஎம்மிலும் அப்படியே.

நோட்டாகவும் கொஞ்சம் வேண்டும். ஊரிலேயே ரிசர்வ் வங்கி உரிமம் உள்ள நாணய மாற்றுக்காரர் இரண்டு மூன்று பேரிடம் விலை கேட்டு, இணையத்தில் அன்றைய விலையோடு ஒப்பிட்டு வாங்குங்கள். ஏர்போர்ட்டில் வாங்குவதைக் கடைசி வழியாக வைத்துக்கொள்ளுங்கள். ஐம்பதாயிரத்துக்கு மேல் வாங்கினால் ரொக்கமாகக் கொடுக்க முடியாது, கணக்கிலிருந்துதான் போக வேண்டும். மாற்றும் தொகைக்கும் சின்னதாக ஜிஎஸ்டி உண்டு, குறைந்தபட்சம் 45 ரூபாய். இந்திய ரூபாய் ஒருவர் 25,000 வரைதான் கையில் கொண்டுபோகலாம்.

பேக்கேஜில் அறுபதாயிரம் எங்கே போகிறது என்று கேட்டீர்களே, அதில் டிசிஎஸ்ஸும் (விற்பவரே நம்மிடம் பிடித்து அரசுக்குக் கட்டும் வருமான வரி) சேர்த்திருக்கிறார்களா என்று பில்லைக் கேளுங்கள். வெளிநாட்டு டூர் பேக்கேஜ் வாங்கினால் அந்த வரியைப் பிடித்துத்தான் ஆக வேண்டும். அது உங்கள் பான் எண்ணில் ஏறும், வருமான வரிக் கணக்கு தாக்கல் செய்யும்போது கழித்துக்கொள்ளலாம் அல்லது திரும்ப வாங்கலாம். நிறையப் பேர் அது டிராவல்ஸ்காரர் கமிஷன் என்று நினைத்து விட்டுவிடுகிறார்கள். விமான டிக்கெட் மட்டும் தனியாக, ஓட்டல் தனியாக என்று நீங்களே போட்டால் அது பேக்கேஜ் கணக்கில் வராது.

கடைசியாக: ஓடிபி வரும் இந்திய சிம்மைக் கழற்றி வைக்காதீர்கள். டேட்டா ரோமிங்கை மட்டும் அணைத்துவிட்டு சிம் உயிரோடு இருக்கட்டும், ரோமிங் வசதி இயங்குகிறதா என்று ஊரிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். கார்டு இரண்டு, இரண்டும் இரண்டு பேரிடம்.

---

பினாங்கு_பசியாறி எழுதியது:

வணக்கம் அண்ணா, நான் இங்கே பினாங்கில் பிறந்து வளர்ந்தவன். எங்கள் தாத்தா மாயவரத்துப் பக்கத்திலிருந்து கப்பலில் வந்தவர், அந்தப் பாசத்தில் எழுதுகிறேன்.

இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு மலேசியாவில் 30 நாள் வரை விசா தேவையில்லை. 2023 டிசம்பரில் தொடங்கியது, 2026 டிசம்பர் 31 வரை நீட்டியிருக்கிறார்கள். ஆனால் எம்டிஏசி என்று ஒரு டிஜிட்டல் வருகை அட்டை நிரப்ப வேண்டும், வருவதற்கு முந்தைய மூன்று நாளுக்குள், உங்கள் மகளுக்கும் சேர்த்து ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக. இது இலவசம், கவனியுங்கள், இலவசம். தேடினால் முதலில் வருவது பணம் கேட்கும் போலித் தளங்கள்தான், அசல் குடிநுழைவுத் துறை முகவரி 'டாட் கவ் டாட் எம்ஒய்' என்று முடியும். சிங்கப்பூருக்கும் இதே மாதிரி எஸ்ஜி அரைவல் கார்டு உண்டு, அதுவும் இலவசம், அதற்கும் மூன்று நாள் கணக்கு. ஆனால் சிங்கப்பூருக்கு விசாவும் தேவை. கட்டணம் ஆளுக்கு 30 சிங்கப்பூர் டாலர், அங்கீகாரம் பெற்ற ஏஜென்ட் வழியாகப் போடலாம், அவர்கள் கூலி தனி. விசா மறுத்தாலும் கட்டணம் திரும்பாது. நீங்கள் கோலாலம்பூரில் இறங்கி சிங்கப்பூரிலிருந்து திரும்புவதால் இங்கே குடிநுழைவில் 'எப்போது நாட்டைவிட்டுப் போகிறாய், எப்படி' என்று கேட்டால் காட்ட சிங்கப்பூர் போகும் டிக்கெட்டும் திருச்சி டிக்கெட்டும் அச்சடித்து வைத்திருங்கள். போனில் சார்ஜ் போய்விட்டது என்று சொல்லிக்கொண்டு நிற்கும் இடம் அது இல்லை.

ஒளிந்திருக்கும் செலவு கேட்டீர்களே, ஒன்று சொல்கிறேன். வெளிநாட்டவர் தங்கினால் அறைக்கு ஒரு இரவுக்குப் பத்து ரிங்கிட் சுற்றுலா வரி, ஓட்டலில் நுழையும்போது கையில் கேட்பார்கள், இணையத்தில் பார்த்த விலையில் பெரும்பாலும் இருக்காது. இரண்டு அறை, நாலு இரவு என்றால் எண்பது ரிங்கிட். ரிங்கிட் இருபது ரூபாய்க்கு மேல் போகிறது, கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். இங்கே நாங்கள் ரிங்கிட்டையும் வெள்ளி என்றுதான் சொல்வோம், சிங்கப்பூரில் டாலரையும் வெள்ளி என்பார்கள். கடைக்காரர் 'பத்து வெள்ளி' என்றால் எந்த ஊர் வெள்ளி என்று நினைவிருக்கட்டும், அங்கே அது மூன்று மடங்குக்கும் மேல்.

பத்துமலைக்கு டாக்சி வேண்டாம், கோலாலம்பூரின் பெரிய ரயில் நிலையமான கேஎல் சென்ட்ரலிலிருந்து கேடிஎம் கொமுட்டர் ரயில் நேராகக் கோயில் வாசலுக்கே போகிறது, கடைசி நிறுத்தமே அதுதான், ஒருவருக்குச் சில ரிங்கிட்தான். காலை ஏழரைக்கெல்லாம் போய்விடுங்கள், பத்து மணிக்கு மேல் வெயிலும் கூட்டமும் சேர்ந்துவிடும். படி 272. அம்மாவுக்கு முழங்கால் வலி என்றால் கட்டாயப்படுத்தாதீர்கள், 42.7 மீட்டர் முருகன் சிலை கீழேதான் நிற்கிறார், அடிவாரத்திலும் சன்னிதிகள் இருக்கின்றன. ஏறுவதாக இருந்தால் கையில் பிளாஸ்டிக் பை எதுவும் வைத்திருக்க வேண்டாம், வாழைப்பழம் இருக்கிறதோ இல்லையோ, குரங்குக்குப் பைச் சத்தம் கேட்டால் போதும், வந்துவிடும்.

சைவம்: வாழை இலைக் கடைகள் நிறைய இருக்கின்றன, பயம் வேண்டாம். ஆனால் மலாய், சீனக் கடையில் காய்கறி மட்டும்தானே என்று வாங்கிவிடாதீர்கள். கங்குங் கீரை வறுவலில்கூட பெலாச்சான் போடுவார்கள், அது இறால் விழுது. 'பெலாச்சான் வேண்டாம்' என்று சொல்லிக் கேளுங்கள். சீன பௌத்த சைவக் கடைகளும் உண்டு, அங்கே மீன் மாதிரி, கோழி மாதிரி எல்லாம் சோயாவில் செய்து வைத்திருப்பார்கள், அம்மா தட்டைப் பார்த்துப் பதறினால் நான் பொறுப்பில்லை. பசியாற ரொட்டி சானாயும் (நம் பரோட்டா மாதிரி) தே தாரிக்கும் (ஆற்றிய பால் டீ) போதும், வயிறும் நிறையும், பர்ஸும் அழாது.

டாக்சி கூப்பிடும் கிராப் ஆப்பை ஊரிலேயே இறக்கி, ஓடிபி போட்டு, கார்டையும் சேர்த்துவிட்டு வாருங்கள். இங்கே வந்து செய்யலாம் என்றால் ஏர்போர்ட் வாசலில் நின்று தடவிக்கொண்டிருப்பீர்கள். பிளக் முனை இங்கேயும் சிங்கப்பூரிலும் மூன்று தட்டை முள், நம் இந்திய உருண்டை முள் சொருகாது, அடாப்டர் ஊரிலேயே வாங்கிவிடுங்கள்.

எனக்குத் தோன்றுவதைச் சொல்கிறேன், கோபிக்காதீர்கள்: முதல் பயணத்தில் சிங்கப்பூரை இரண்டு நாளாகச் சுருக்குங்கள், அல்லது விட்டுவிடுங்கள். அங்கே ஒரு இரவுக்கு இரண்டு அறைக்குக் கொடுக்கும் காசில் பினாங்கில் மூன்று இரவு தங்கலாம். கேஎல்லிலிருந்து ரயிலில் நாலு மணி நேரத்தில் பட்டர்வொர்த், அங்கிருந்து ஃபெர்ரியில் பினாங்குத் தீவு, அங்கே ஜார்ஜ்டவுன் நகருக்குள் சுற்ற இலவச பஸ்ஸே ஓடுகிறது.

---

மெதுவாப்போ எழுதியது:

பசியாறி தம்பி ஊர்ப்பாசத்தில் சொல்கிறார், நான் சிங்கப்பூர் கட்சி. ஆனால் ஒன்றில் அவர் சொல்வது சரி, அங்கே அறை விலை அதிகம்தான், அதனால் தேதியைப் பார்க்காமல் சிங்கப்பூரில் அறை போடாதீர்கள். செப்டம்பர், அக்டோபர் என்றால் அங்கே ஃபார்முலா ஒன் கார் பந்தயம் விழும் சமயம், அந்த வார இறுதியில் ஓட்டல் விலை எங்கேயோ போகும். அந்த ஆண்டின் பந்தயத் தேதி என்ன என்று பார்த்து, முன்னேயோ பின்னேயோ நகர்த்திக்கொள்ளுங்கள். டிராவல்ஸ்காரர் இதைச் சொன்னாரா?

இங்கே எல்லோரும் 'நீங்களே போடுங்கள்' என்கிறார்கள், நான் கொஞ்சம் மாற்றிச் சொல்கிறேன். ஓய்வு பெற்ற ஆசிரியை நான், எண்பது வயது அம்மாவோடு போய் வந்தேன். பெரியவர்களோடு போகும்போது காசு மிச்சம் பிடிக்கிறேன் என்று அவர்களை நடக்கவைத்தால் மூன்றாம் நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார்கள், பயணமே பாழ். டிக்கெட், விசா, அறை நீங்களே போடுங்கள். ஒரு நாள் மட்டும் வேன் அமர்த்திக்கொள்ளுங்கள், ஐந்து பேருக்குப் பிரித்தால் பெரிய தொகை இல்லை.

கோலாலம்பூரிலிருந்து சிங்கப்பூருக்கு பஸ் மலிவு என்று எல்லோரும் சொல்வார்கள். மலிவுதான், ஐந்தாறு மணி நேரம், பஸ்ஸும் நன்றாக இருக்கும். ஆனால் எல்லையில் இரண்டு முறை இறங்க வேண்டும், மலேசியப் பக்கம் ஒரு முறை, சிங்கப்பூர்ப் பக்கம் ஒரு முறை. சிங்கப்பூர்ப் பக்கம் எல்லாப் பெட்டியையும் இறக்கி, இழுத்துக்கொண்டு, ஸ்கேனரில் போட்டு, மறுபடி ஏற்ற வேண்டும். பஸ் அளவோடுதான் காத்திருக்கும், வரிசை நீண்டால் போய்விடுவார்கள். நாங்கள் போனது வெள்ளிக்கிழமை சாயங்காலம், புத்திசாலித்தனம்! பாலத்தில் நத்தை மாதிரி நகர்ந்தோம். அம்மா கழிப்பறை கேட்டார், நான் பெட்டியைப் பார்ப்பதா அம்மாவைப் பார்ப்பதா என்று தெரியாமல் ஓடியதில் பஸ்ஸை விட்டுவிட்டோம். பின்னால் வந்த அதே கம்பெனி வண்டிக்காரர் மனசு இரங்கி ஏற்றிக்கொண்டார். உங்கள் அம்மாவுக்கு முழங்கால் வலி என்றால், ஒரு மணி நேர விமானத்தையும் விலை பாருங்கள், பெட்டிக் கட்டணத்தோடு சேர்த்துப் பாருங்கள். பஸ்தான் என்றால் செவ்வாய், புதன் காலையில் கிளம்புங்கள்.

சக்கர நாற்காலி கேட்க வெட்கப்படாதீர்கள். டிக்கெட் போடும்போதே கேட்டுக் குறித்துவிட வேண்டும், அன்றைக்கு வந்து கேட்டால் காத்திருக்க வேண்டும். அப்பாவும் வேண்டாம் வேண்டாம் என்பார், அந்த நீண்ட நடைபாதையைப் பார்த்ததும் சும்மா இருப்பார்.

மருந்து: பெட்டியில் போடாதீர்கள், கைப்பையில். டாக்டர் சீட்டு ஆங்கிலத்தில், மருந்தின் பொதுப்பெயரோடு, அட்டையைப் பிரிக்காமல். வாரத்துக்கு மட்டும் எண்ணி எடுக்காமல் நாலைந்து நாள் கூடுதலாக. தூக்க மாத்திரை, கோடீன் கலந்த இருமல் சிரப் மாதிரி எதுவும் இருந்தால் முன்கூட்டியே அனுமதி வாங்க வேண்டியிருக்கும், இரண்டு நாடுமே போதைப்பொருள் விஷயத்தில் ஈவிரக்கம் பார்க்காதவை. அம்மா மசாலாப் பொடி அரைத்துக் கட்டினால் கசகசா சேர்த்திருக்கிறாரா என்று கேளுங்கள். நமக்கு அது குருமாவுக்கு, சிங்கப்பூரில் அது தடைப் பட்டியல்.

இன்ஷூரன்ஸ் எடுங்கள், அப்பாவுக்கு சர்க்கரை, பிரஷர் இருந்தால் மறைக்காமல் எழுதுங்கள், முன்பே உள்ள நோய்க்கு எதுவரை கொடுப்பார்கள் என்ற பத்தியைப் படித்துவிட்டுப் பணம் கட்டுங்கள். சிங்கப்பூரில் மருத்துவமனைக்குள் கால் வைத்தால் நீங்கள் மிச்சம் பிடித்தது எல்லாம் ஒரே இரவில் போய்விடும்.

சிங்கப்பூரில் காசில்லாமல் பார்ப்பதற்கும் இருக்கிறது. கார்டன்ஸ் பை த பேயில் ராட்சத மரங்களின் விளக்குக் காட்சி இரவு 7.45க்கும் 8.45க்கும், இலவசம், உங்கள் மகள் வாயைப் பிளந்து பார்ப்பாள். சாப்பாட்டுக்கு லிட்டில் இந்தியாவில் டெக்கா சென்டர். எம்ஆர்டி ரயிலில் நம் கார்டையே தட்டிப் போகலாம், ஆனால் வெளிநாட்டு கார்டுக்கு ஒரு நாளைக்கு 60 காசு கூடுதலாகப் பிடிப்பார்கள், ஒரே கார்டை ஐந்து பேரும் தட்டவும் முடியாது, அதனால் ஆளுக்கொரு பயண அட்டை அங்கேயே வாங்கிவிடுங்கள்.

---

கும்பகோணத்தான் எழுதியது:

அடேங்கப்பா. எல்லோருக்கும் நன்றி. ஏழுகிலோ அண்ணா, பிப்ரவரி விஷயம் எனக்கு உறைக்கவே இல்லை, நேற்று இரவே ஐந்து பேருக்கும் பாஸ்போர்ட் சேவா தளத்தில் விண்ணப்பம் போட்டுவிட்டேன். மகளுக்கு நானும் மனைவியும் சேர்ந்து கையெழுத்துப் போட்ட உறுதிமொழி கேட்கிறது, அதையும் எடுத்து வைத்தாயிற்று. அப்பாவுக்கு அவருடைய அப்பா பெயரே சர்நேம். 'எங்கப்பாவும் என்கூட மலேசியா வர்றார்' என்று ஒரே சந்தோஷம் அவருக்கு.

டிராவல்ஸில் டிசிஎஸ் கேட்டேன், 'அதெல்லாம் உள்ளே இருக்கு சார்' என்றார், எவ்வளவு என்று கேட்டால் போன் வருகிறது என்று எழுந்துபோய்விட்டார். ஆக, நாமே போடுவது என்று முடிவு. நாலு இரவு மலேசியா, இரண்டு இரவு சிங்கப்பூர், நடுவில் விமானம். கார் பந்தயத் தேதி பார்த்துவிட்டுத்தான் அறை. பினாங்கு அடுத்த தடவை, தம்பி மன்னிக்கவும்.

இரண்டு சந்தேகம். மனைவி தாலிச்செயினும் வளையலும் போட்டுக்கொண்டு வந்தால் திரும்பும்போது கஸ்டம்ஸில் கேட்பார்களா? இன்னொன்று அம்மாவுடையது: மாவடு கொண்டுபோகலாமா என்று கேட்கச் சொன்னார். நான் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன், நம்பவில்லை.

---

ஏழுகிலோ எழுதியது:

தாலிச்செயினுக்கு யாரும் ஒன்றும் சொல்வதில்லை, ஆனால் பத்து பதினைந்து பவுன் போட்டுக்கொண்டு வருவதாக இருந்தால் கிளம்பும்போதே திருச்சி கஸ்டம்ஸில் காட்டி, இது இங்கிருந்து போகிற நகை என்று சான்று வாங்கிவிடுங்கள். பில்லும், நகையோடு ஒரு போட்டோவும் இருந்தால் நல்லது. அதைவிட நல்லது லாக்கர். பவர்பேங்க் இருந்தால் அது பெட்டியில் போகாது, கைப்பையில்தான். இருபதாயிரம் எம்ஏஹெச் வரை கவலையில்லை, விமானத்தில் அதை வைத்து சார்ஜ் போட விடமாட்டார்கள்.

மாவடு கைப்பையில் வேண்டாம், ஊறுகாய் என்றாலே செக்யூரிட்டியில் எடுத்துப் போட்டுவிடுவார்கள். செக்-இன் பெட்டியில் போடுங்கள், கண்ணாடி பாட்டில் இல்லாமல், மூடியைச் சுற்றி டேப் ஒட்டி, இரண்டு கவர் போட்டு, அப்பா வேட்டிக்குள் சுற்றாமல்.

---

பினாங்கு_பசியாறி எழுதியது:

பினாங்கு இல்லை என்றால் பரவாயில்லை அண்ணா, அந்த சமயம் நான் கேஎல்லில் வேலையாக இருப்பேன். மாவடுவை எங்கே வந்து வாங்கிக்கொள்ள வேண்டும் என்று அம்மாவிடம் கேட்டுச் சொல்லுங்கள்.